அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம்

நாடாளுமன்றத்துக்கு எதிரே நின்று சரளா கோஷம் போடுவாள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பவள் அவள்தான். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் இவள் மன்னிப்புக் கேட்பாள். அப்படிப்பட்ட சுபாவம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை பார்த்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே பேச்சுக்கு இடமில்லை. அது அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது.

பிறந்தது கோப்பெங்கைத் தாண்டியிருந்த பெல்மோர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. பிறகு தோட்டமே கைமாறியது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டு மலிவு விலை வீடுகள் கட்டி, முகப்பில் தாமான் பெல்மோர், அதாவது பெல்மோர் குடியிருப்பு, என்று பலகை நட்டார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் சரளா மகன் தேவனோடு இருந்தாள். தேவன் பிறக்கும்போதே மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்டவன். மீசை அரும்பி ஆளாகியும் சக்கர நாற்காலிதான். ஒன்றிரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேச்சு வரவில்லை. லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவன் அப்பா சித்தியவான் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். சரளா தேடிப் போகவுமில்லை, ஏசவுமில்லை.

அவளுக்கு இருந்த ஒரே துணை அண்ணன் அர்ச்சுனன். ஆளுங்கட்சியின் கிளைத் தலைவர். தேர்தல் வந்தால் கொடி கட்டுவதிலிருந்து கிழவர்களைக் காரில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோவது வரை எல்லாம் அவர்தான். தோட்டத்தில் இடிபடாமல் மிஞ்சியது பழைய ஆயாக்கொட்டகை ஒன்றுதான். தாய்மார்கள் வெட்டுக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போன கட்டடம் அது. அர்ச்சுனன் அலையாத அலுவலகமில்லை. கெஞ்சியும் சண்டை போட்டும் அந்தக் கொட்டகையை மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர நிலையமாக மாற்றினார். திறப்புவிழா அன்று தேவனின் நாற்காலியை அவரே உள்ளே தள்ளிப்போனார்.

அந்த நிலையம் இருந்ததால்தான் சரளாவால் வேலைக்குப் போக முடிந்தது. அங்கே ஜோசலின் என்ற ஆசிரியை இருந்தார். ஈப்போக்காரர், தேவாலயப் பாடல்குழுவில் பாடுகிறவர். கரண்டியைப் பிடிக்கத் தேவனுக்கு அவர் பழக்கிய கதை பெரியது. கரண்டி விழும், எடுத்துக் கொடுப்பார், மறுபடி விழும். ஒருநாள் சாயங்காலம் சரளா போய்ப் பார்த்தபோது, தேவன் தானாகக் கஞ்சியை அள்ளி வாயில் வைத்தான். பாதி சட்டையில்தான் கொட்டியது. சரளா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த ஆண்டு பட்ஜெட்டில் சமூகநலத்துக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். செய்தியில் சீரமைப்பு என்றார்கள். ஜோசலின் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். சிறிய நிலையங்களை மூடப்போகிறார்கள். பெல்மோர் பிள்ளைகள் இனிமேல் தாப்பாவுக்குப் போகவேண்டும். கொண்டுபோய் விட வண்டி கிடையாது.

சரளா நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, ஒய்.பி. கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இவனத் தூக்கிக்கிட்டு நான் எப்படித் தாப்பாவுக்குப் போறது?”

ஒய்.பி. என்று ஊரார் அழைக்கும் அந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அர்ச்சுனனின் கட்சிக்காரர்தான்.

“பேசிட்டேன்லா. பட்ஜெட் பாஸாகட்டும், பெறகு பாத்துக்கலாம்கிறாரு.”

“பாஸான பெறகு பாக்க என்னண்ணே இருக்கு?”

அர்ச்சுனன் டீ கலக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

வாக்கெடுப்பு நடக்கும் நாளில் கோலாலம்பூருக்குப் போய் நிற்பதென்று பெற்றோர்கள் முடிவுசெய்தார்கள். ஜோசலின் தன் தேவாலயத்தில் பேசி ஒரு பஸ் ஏற்பாடு செய்தார். சம்பளம் தரும் அரசாங்கத்துக்கு எதிராகவே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. முதல்நாள் மாலை அர்ச்சுனன் தங்கை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நாளைக்கு நீ போகாத, சரளா. எதிர்க்கட்சிக்காரன் பின்னாடி என் தங்கச்சியே நிக்கிறான்னு பேசுவானுங்க. கட்சியில எனக்கு மரியாத இருக்காது.”

“நான் எந்தக் கட்சி பின்னாடியும் போகலண்ணே. என் பையனுக்காகப் போறேன்.”

“நா செஞ்சு குடுத்ததுதான அந்த எடம்? என்னை நம்ப மாட்டியா?”

“நீங்க செஞ்சதத்தான் இப்ப மூடுறாங்க. உங்களுக்கே வலிக்கலையா?”

அண்ணனிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அர்ச்சுனன் தேவனின் தலையைத் தடவிவிட்டு வெளியேறினார்.

மறுநாள் விடிந்ததும் பஸ் கிளம்பியது. தஞ்சோங் மாலிம் பக்கம் வந்தபோது, புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போன பெரிய லோரியைப் பார்த்துத் தேவன் கைகொட்டினான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏதோ உல்லாசப் பயணம் போவதுபோல இருந்தது சரளாவுக்கு.

நாடாளுமன்ற வளாகத்துக்கு வெளியே, சாலையோரத்தில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. அதற்குப் பின்னால் பல மாநிலங்களிலிருந்து வந்த தாய்மார்கள், ஊன்றுகோல் ஊன்றியவர்கள், ஓய்வுபெற்ற தாதியர். “ஜாங்கான் போத்தோங்!” வெட்டாதே என்று மலாயில் கத்தினார்கள். சரளாவின் வாய் முதலில் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மலாய் அம்மாள் அவள் கையைப் பிடித்து உயர்த்தினார். அப்புறம் குரல் தானாக வந்தது.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வெளியே வந்து மனுவை வாங்கிக்கொண்டார். தேவன் முன்னால் மண்டியிட்டு, அவன் கையைப் பிடித்தபடி கேமராக்களைப் பார்த்துப் பேசினார். “இந்தப் பிள்ளைக்காக உள்ளே கடைசிவரை போராடுவேன்” என்றார். சரளா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த நேரத்தில்தான் சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. பட்ஜெட்டை ஆதரிக்க அழைத்துவரப்பட்ட கூட்டம். எல்லார் உடம்பிலும் ஒரே நிற டீசட்டை. இறங்கியவர்களில் பாதிப் பேர் பெல்மோர் முகங்கள். முன்னால் கையில் மைக்கோடு நின்றவர் அர்ச்சுனன்.

சரளா பார்த்தாள். அவரும் பார்த்தார். அண்ணன் வருவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

தேவனும் பார்த்துவிட்டான். அவனுக்கு வந்த சில வார்த்தைகளில் ஒன்று அது. “மாமா! மாமா!” நாற்காலியிலிருந்து எழுந்துவிடுபவன்போல முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் நீட்டிக் கத்தினான். கோஷத்தை மீறி அந்தக் குரல் கேட்டது. அந்தப் பக்கத்துக் கூட்டம்கூட ஒரு நிமிடம் அடங்கியது. மாமா ஏன் வரவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான்.

அர்ச்சுனன் மைக்கை வாய்வரை கொண்டுபோனார். அதை அப்படியே பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டார்.

“வா கண்ணு, மாமாவுக்கு வேல இருக்கு” என்று சொல்லிச் சரளா நாற்காலியைத் திருப்பினாள்.

மாலையில் வாக்கெடுப்பை ஜோசலினின் கைப்பேசியில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு பார்த்தார்கள். மணி அடித்து, தலைகளை எண்ணினார்கள். பெல்மோரின் ஒய்.பி. ஆதரவாக எழுந்து நின்றார். அதை எல்லாரும் எதிர்பார்த்ததுதான். எதிர்க்கட்சி வரிசையில் இத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தேவன் கையைப் பிடித்துப் பேசியவரின் இடமும் காலி. பட்ஜெட் பாஸானது.

“எங்க போனாரு டீச்சர்?” என்று கேட்டாள் சரளா.

அந்த உறுப்பினருக்கு வேறு ஊரில் ஒரு நிகழ்ச்சி இருந்தது என்று மறுநாள் யாரோ சொன்னார்கள். அவர் தேவன் கையைப் பிடித்திருந்த படம் மட்டும் பத்திரிகையில் பெரிதாக வந்திருந்தது.

ஆண்டு முடிவதற்குள் நிலையத்தைப் பூட்டினார்கள். மேசை, நாற்காலி, பயிற்சிப் பாய் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிப் போனார்கள். ஜோசலினுக்குச் சித்தியவானில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. விடைபெற வந்தவர் தேவன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம் தேவனை விட்டுவிட்டுச் சரளா கொஞ்ச காலம் வேலைக்குப் போனாள். முத்தம்மா நல்லவள்தான். ஆனால் அவளும் வயதானவள். சட்டையில் கொட்டுகிறானே என்று அவளே ஊட்டிவிட ஆரம்பித்தாள். சரளாவுக்கு அது தெரியவந்தபோது தேவனின் விரல்கள் மறுபடி மடங்கிப்போயிருந்தன. கரண்டியை வைத்தால் நழுவியது. எடுத்துக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜோசலின் செய்ததுபோலவே செய்துபார்த்தாள். வரவில்லை. சலவைக்கூட வேலையை விட்டாள். தாமானுக்குள்ளேயே துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தாள்.

அர்ச்சுனன் வெகுநாள் வரவில்லை. வந்தபோது ஆள் இளைத்திருந்தார்.

“கட்சிய விட்டுட்டேன்லா” என்றார்.

சரளா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அப்பவே விட்டிருந்தாலும் கொட்டகை மிஞ்சியிருக்கும்னு சொல்ல முடியாதுண்ணே. ஆனா தேவன் அன்னைக்கு உங்கள அவ்வளவு நேரம் கூப்பிட்டான்.”

அர்ச்சுனன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேவன் அவரைப் பார்த்தான், கூப்பிடவில்லை. பிறகு சரளா உள்ளே போய் மூன்று பேருக்கும் சோறு போட்டாள்.

அடுத்த பட்ஜெட் வந்தபோது சரளா மறுபடி கோலாலம்பூருக்குப் போனாள். இந்தத் தடவை தேவாலயம் பஸ் தரவில்லை. பெற்றோர் பலருக்கு நம்பிக்கையும் போய்விட்டது. ஈப்போவில் ரயிலேறித் தனியாகவே போனாள். தடுப்புக்குப் பின்னால் சின்னக் கூட்டம். பேச யாரும் வெளியே வரவில்லை. மழை பெய்தது. வாக்கெடுப்பு முடிகிறவரை அவள் குடைபிடித்து நின்றாள்.

வீட்டில் தேவனைப் பார்த்துக்கொள்ள அர்ச்சுனன் இருந்தார். மத்தியானம் போன் செய்து, அவன் சாப்பிட மறுக்கிறான் என்றார்.

“கொஞ்சம் கொஞ்சமா குடுங்கண்ணே. அவசரப்படுத்தாதீங்க. ஓட்டெடுப்பு முடிஞ்சதும் ரயிலேறி வாரேன்” என்றாள் சரளா.