அம்மா ஒட்டிய நாடா

வெள்ளவத்தை வீட்டில் என் மகள் நகப்பூச்சுப் போத்தலைத் திறந்தபோது, இரத்மலானையில் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையின் மணம் வந்தது. அப்பா அங்கே மெக்கானிக்காக இருந்தார்.

எனக்கு ஒன்பது வயதில், துணி போர்த்திய சிறிய விமானமொன்று அங்கே வந்தது. இறக்கைத் துணியைத் தைக்க, தையல் தெரிந்த அம்மாவை அப்பா கூட்டிப்போனார். தையல்களின் மேல் நகப்பூச்சைப் போலவே மணக்கும் காரமான பசையைப் பூசி, அது காயுமுன் துணி நாடாவை வைத்து, விரலால் நீவிக் காற்றை வெளியேற்றுவதும் அம்மாவின் வேலையானது.

பறப்பதற்கு முதல்நாள், இறக்கையின் முன்விளிம்பில் ஒரு நாடாவின் ஓரம் கிளம்பியிருப்பதை அம்மா கண்டார்.

"இதைக் கழட்டித் திரும்ப ஒட்டோணும்," என்றார்.

விமானத்தின் சொந்தக்காரர் கொள்ளுப்பிட்டி வியாபாரி. அவரேதான் ஓட்டுவார். "சின்ன விசயம்தானே தங்கச்சி. மேல கொஞ்சம் பூசி விடுங்க."

"உள்ள காத்துப் போனா துணியே கிழிஞ்சிடும்," என்ற அம்மா, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே நாடாவை உரித்தெடுத்தார். பறப்பு மூன்று நாள் தள்ளிப்போனது. அப்பாவின் வேலை போய்விடுமென்று நான் பயந்தேன்.

மூன்றாம் நாள் வியாபாரி, "இப்ப நம்பிக்கையா?" என்று கேட்டார்.

"ஓம். வேணுமெண்டா நானும் ஏறுறன்."

அவர் சிரிக்கவில்லை. பின்னிருக்கையைக் காட்டினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா ஏறினார். விமானம் எங்கள் வீட்டுக்கு மேலாக வெள்ளவத்தைக் கடற்கரைவரை போய்த் திரும்பும்வரை அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா இறங்கியதும், "எப்பிடி இருந்தது?" என்று அப்பா கேட்டார்.

"எங்கட வீட்டுக் குசினிக் கூரையில தகரம் ஒண்டு விலகிக் கிடக்கு," என்றார் அம்மா. "மழைக்கு முன்னம் பாக்கோணும்."