மிஸ்ஸியின் முழங்கால் வண்டி

நெடுந்தீவில் வள்ளத்து எஞ்சின் பழுதென்றால் சில்வெஸ்ரரிடம்தான் போகவேண்டும். நல்ல கைகாரர், வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் செய்த வேலையில் ஒரு பிழை சொன்னால், சொன்னவரிடம் இருபது பிழை கண்டுபிடித்துக் கொடுப்பார்.

வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் அந்தப் பகுதி மருத்துவமாது நிசாந்தினி இறங்குதுறைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். ஊரார் அவரை மிஸ்ஸி என்பார்கள். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரர்; ஆறு கிழமைக்குக் கால் நிலத்தில் படக்கூடாது. அவருக்குப் பதிலாக வேலை பார்க்க ஒருவரும் வரவில்லை. ஓட்டோ பெரிய தெருவோடு நின்றுவிடும். கர்ப்பிணிகளின் வீடுகளோ இரண்டு பக்கமும் கல்வேலி கட்டிய ஒழுங்கைகளுக்குள்ளே. கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல் அந்த ஒழுங்கைகளின் சல்லிக்கல்லில் சறுக்கியது.

சில்வெஸ்ரருக்கு இதில் சொந்தக் கவலையும் இருந்தது. மகள் லதீபாவுக்கு இது எட்டாம் மாதம். போன வருடம் வயிற்றிலேயே ஒரு பிள்ளை போய்விட்டது. இந்த முறை மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

"நீங்கள் ஒழுங்கையெல்லாம் ஓடித் திரியிற மாதிரி ஒண்டு செய்து தாறன் மிஸ்ஸி," என்று வாயை விட்டார்.

பிறகு பத்து நாள் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு பழைய மின்சார சைக்கிளின் மோட்டரும் பற்றறியும் கிடைத்தன. கல் ஏற்றும் தள்ளுவண்டிகளிலிருந்து மூன்று சில்லுகளைக் கழற்றினார். முறிந்த காலை மடித்து முழங்காலை ஊன்றப் பஞ்சு வைத்த பலகை, நல்ல காலுக்கு ஒரு தட்டு. ஆக ஒடுங்கிய ஒழுங்கையை முழம் போட்டு அளந்து, அதற்குள் போகும்படி அகலத்தைக் குறைத்தார்.

ஓட்டிப் பார்க்கிற அன்று பாதி ஊர் திரண்டுவிட்டது. மிஸ்ஸி ஏறினார். வண்டி சத்தமில்லாமல் புறப்பட்டது. முதல் வளைவிலேயே மறுபக்கம் திரும்பிப் போய்ச் சிவக்கொழுந்து அக்காவின் கல்வேலியில் முட்டியது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றும் இல்லை.

"இடப்பக்கம் திரும்பத்தானே இடப்பக்கம் திருப்பினனான்!" என்றார் மிஸ்ஸி.

"வலப்பக்கமெல்லோ தள்ளவேணும்?" சில்வெஸ்ரர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

வள்ளத்து எஞ்சினின் கைபிடியை எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் வள்ளம் திரும்பும். அதையே இந்த வண்டிக்கும் வைத்துவிட்டார் மனுசன். சுற்றி நின்ற மீன்பிடிகாரர் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

"அண்ணை, நான் சரவணை ஊரில தோட்டக்காரன்ர பிள்ளை. எனக்குச் சைக்கிள்தான் ஓடத் தெரியும்."

சிவக்கொழுந்து அக்கா ஏசி ஏசிக் கல்லை அடுக்க, சில்வெஸ்ரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அந்தக் கைபிடியைக் கழற்றிவிட்டு, திருப்பும் பக்கமே திரும்பும் சைக்கிள் காண்டிலைப் பூட்டினார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் லதீபாவின் அழைப்பு வந்தது.

"அப்பா, விடியத் தொடக்கம் பிள்ளை துடிக்கேல்லை."

அவர் மிஸ்ஸியிடம் ஓடினார். மிஸ்ஸி பையைத் தோளில் போட்டு ஏறியதுதான் தாமதம், வண்டி பறந்தது. சல்லியில் குலுங்கியது, ஒரு வளைவிலும் தடுமாறவில்லை. தான் பூட்டிய வண்டிக்குப் பின்னால் ஓட ஏலாமல் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது மிஸ்ஸி உள்ளே இருந்தார். வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்கிற சின்னக் கருவி வெறுமனே இரைந்தது. அவர் வாசலில் குந்தினார். மிஸ்ஸி கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். மறுபடியும் இரைச்சல்தான்.

பிறகு கேட்டது. டக்டக், டக்டக் என்று ஒரே வேகம்.

சில்வெஸ்ரரின் கண் தானாக மணிக்கூட்டுக்குப் போனது. எஞ்சின்காரர் அல்லவா, எண்ணிவிட்டார்.

"மிஸ்ஸி! நிமிசத்துக்கு நூற்றி நாற்பது! கூடிப்போச்சு, குறையுங்கோ!"

உள்ளே லதீபா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

"அது அப்பிடித்தான் அண்ணை ஓடவேணும்," என்றார் மிஸ்ஸி. "எண்டாலும் மத்தியானப் படகில யாழ்ப்பாணம் அனுப்புவம். டொக்டர் ஒருக்காப் பாக்கட்டும்."

ஒருவரும் பூட்டாமல், ஒருவரும் முடுக்காமல், இருட்டுக்குள்ளே தன்பாட்டில் அந்தச் சின்ன இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது! அவர் எழுந்து, எண்ணெய்க் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ்ஸி," என்றார் மெதுவாக, "இன்னொருக்காப் போட்டுக் காட்டுவீங்களோ?"