மாமன் சீராய்ப் போன மீன்கள்

மீனோடு பேசுகிற மனிதர் எனக்குத் தெரிந்து சகாயராஜ் ஒருவர்தான். திண்டிவனத்தில் மீன் தீவனக் கடை வைத்திருக்கிறேன். குட்டை வைத்திருப்பவர்கள் வந்தால் தீவன விலையைச் சொல்லிப் புலம்புவார்கள். இவர் மட்டும், "பசங்க நேத்து சரியா சாப்டலணா" என்பார். பசங்க என்றால் ஜிலேபி மீன்கள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

செங்கல் சூளையில் வளர்ந்தவர் அவர். அப்பா, அம்மா, தங்கை அமலா என்று எல்லோரும் ஊர் ஊராகப் போய்க் கல் அறுத்த குடும்பம். சொந்தமென்று ஒரு பிடி மண் இல்லை. தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் விக்கிரவாண்டிப் பக்கம் கொஞ்சம் களர் நிலம் வாங்கிக் குட்டை வெட்டினார். அது கைகொடுத்ததும், கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அமலாவுக்கும் ஒரு குட்டை வெட்டிக் கொடுத்து, அந்தக் குடும்பத்தைச் சூளையிலிருந்து மீட்டார். அமலாவின் மகள் இசைவாணி பள்ளிக்கூடம் போனாள். "எம் மருமவ கையில கல்லச்சு படக்கூடாதுணா" என்று கடையில் சொல்லாத நாளில்லை.

போன கோடையில் சகாயராஜின் குட்டையில் நோய் விழுந்தது. மீன்கள் தீனியைத் தொடாமல் மேலே மிதந்தன. கண் வீங்கி, தோல் சிவந்து, செத்து ஒதுங்கின. மனிதர் மஞ்சளைக் கரைத்து ஊற்றினார், வேப்பிலை போட்டார். கொரோனா சமயத்தில் நாம் குடித்த கசாயத்தை மட்டும்தான் ஊற்றவில்லை. யாராவது சொல்லியிருந்தால் அதையும் காய்ச்சியிருப்பார். பரிசோதனையில் வைரஸ் என்று வந்தது, மருந்து கிடையாது. குட்டை முக்கால்வாசி காலியானது. ஆனால் மிச்சம் இருந்தவை பிழைத்துக்கொண்டன. பிழைத்தது மட்டுமல்ல, கொழுகொழுவென்று தேறின.

மீன் டாக்டர் சித்ரா என் கடையில் வைத்துத்தான் அவருக்கு விளக்கினார். மீனுக்கும் நம்மைப் போல உடம்புக்குள் காவல் உண்டாம். வைரஸ் நுழைந்த செல், பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை கொடுக்குமாம். தாக்குப்பிடித்த மீனின் ரத்தத்தில் அந்த வைரஸைக் குறிவைத்தே எதிர்ப்பு உருவாகிவிடுமாம். "அதே நோவுல அதுங்க மறுபடி சாவுறது கஷ்டங்க. ஆனா வைரஸ் உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கலாம். வேற மீனோட சேத்துடாதீங்க" என்றார். முதல் வாக்கியத்திலேயே சகாயராஜ் பூரித்துப்போய்விட்டார். மிச்சம் காதில் ஏறவில்லை. நல்ல சேதி கேட்டு எத்தனை நாளாயிற்றோ, பாவம்.

அந்தச் சமயத்தில் இசைவாணி வயதுக்கு வந்தாள். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? பூ, பழம், பட்டுப்பாவாடை எல்லாம் தட்டுத் தட்டாகப் போயிற்று. கூடவே, குட்டி யானை வண்டியில் தண்ணீர் டிரம் ஏற்றி, பிழைத்த மீன்களையும் மேளதாளத்தோடு கொண்டுபோய் அமலாவின் குட்டையில் விட்டிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க!" என்று கத்தினேன்.

"இன்னாணா இப்டி கத்துறீங்க? அடிபட்டு எழுந்து நின்னதுங்கணா அதுங்க. கூட இருந்தா மத்ததுங்களும் தெம்பாயிடும். சூளைல நாங்க அப்டித்தான பொழச்சோம்?"

மனிதர்களைப் பற்றி அவர் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஒரு மீன் சம்பாதித்த எதிர்ப்பு அந்த மீனோடு சரி. கூட இருக்கும் மீனுக்கு அது கொடுப்பது வைரஸ் மட்டும்தான். சித்ராவுக்குப் போன் போட்டுக் கேட்டோம். இனி வலை போட்டு அரித்து எடுத்தாலும் பிரயோஜனம் இருக்காது என்றார். அமலாவிடம் சொல்ல சகாயராஜுக்கு வாய் வரவில்லை.

அமலா கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். குட்டை முழுக்கச் செத்த மீன். ஒரு மூலையில் மட்டும் பெரிய மீன்கள் சாவகாசமாகத் திரிந்துகொண்டிருந்தன. சகாயராஜ் கரையிலேயே உட்கார்ந்து அழுதார். அமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவரைத் தேற்றினாள்.

"நீ ஏண்ணா அழுவுற? நீ குடுத்ததுங்க ஒண்ணுகூட சாவலயே. பாரு, எப்டி ஓடுதுன்னு."

"அதுங்களாலதான் அமலா" என்றார் அவர்.

அவளுக்குப் புரிய வெகு நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் மனிதர் தேறியிருப்பார்.

கல் அறுப்பு ஆரம்பித்ததும் குடும்பம் மறுபடி சூளைக்குக் கிளம்பியது. இசைவாணியும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போனாள். குட்டையை இறைத்து, காயப்போட்டு, சுண்ணாம்பு அடித்தால் மறுபடி குஞ்சு விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வண்டியில் ஏறப்போன அமலா, அண்ணனைப் பார்த்து மறுத்துவிட்டாள்.

"சீரா வந்தத சாவடிக்கக் கூடாதுண்ணா. பொண்ணுக்கு ஆவாது. அதுங்களுக்குத் தீனி போடு, போதும்."

அந்த மீன்கள் இருக்கிறவரை வேறு மீன் விட முடியாது. அவை சாவதாகவும் தெரியவில்லை. சகாயராஜ் தீனிப் பையோடு தினமும் விழுப்புரத்தைத் தாண்டி அந்தக் குட்டைக்குப் போகிறார். ஒருநாள் நானும் போயிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் மீன்கள் கரைக்கு ஓடி வந்து வாயைப் பிளந்தன. அவர் தீனியை வீசினார். பசங்க என்று கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை.