முட்டிக்குக் கீழே ஒரு மேடு

பந்து எகிறி வந்தது, நெஞ்சில் வாங்கினேன், வலது காலை ஊன்றித் திரும்பினேன். முட்டிக்குக் கீழே யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட்டில் பந்து ஆடுவது என்றால் இதுதான். சமமான இடத்திலெல்லாம் பேக்டரியும் பங்களாவும் கட்டிவிட்டார்கள், நமக்கு மிச்சம் சரிவு. பதினைந்து வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிரவுண்டு ஓரம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

கீழ்ப் பாதி

அப்போது தேயிலை விலை விழுந்து கிடந்தது. சேரம்பாடிப் பக்கம் எங்கள் பேக்டரியில் பாதி நாள் புகையே வராது. அப்பா திருப்பூருக்குப் போய்விட்டார். நான் பத்தாவதோடு நின்றேன். அந்த நேரத்தில்தான் ஒரு பேச்சு வந்தது. கூடலூர் டீமோடு நாங்கள் ஆடும் மேட்சைப் பார்க்கக் கோயமுத்தூர் மில் டீமின் கோச் வருகிறார், பிடித்துப்போனால் வேலையும் தருவார். எனக்கு இருந்த ஒரே வழி அது. முட்டி அந்த நேரம் பார்த்தா வலிக்க வேண்டும்?

எங்கள் கிரவுண்டில் ஒரு கோல் மேலே, ஒரு கோல் கீழே. எல்லாருக்கும் கீழ்நோக்கி ஆடத்தான் ஆசை. எனக்குத் தலைகீழ். மேட்டில் ஏறி ஓடினால் சமாளிக்கலாம், இறக்கத்தில் ஓடி நிற்கும்போதுதான் உயிர் போகும். கேப்டன் செல்வண்ணனிடம், "நாம மேல் பக்கமாவே ஆடலாங்ணா" என்றேன்.

"ரெண்டு பாதியும் மேல் பக்கம் ஆட, கூடலூர்க்காரன் என்ன உன் மாமனாடா?"

லீவுச் சீட்டு

எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு எங்கள் ஆட்கள் போவது பாதி நேரம் லீவுச் சீட்டுக்குத்தான். நொண்டிக்கொண்டே உள்ளே வந்து, சீட்டு வாங்கியதும் நேராக நடந்து போனவர்களைக் கம்பவுண்டர் நிறையப் பார்த்திருக்கிறார். நான் உண்மையாகவே நொண்டினேன். அவர் பார்த்த பார்வையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "முட்டி வலிங்க சார்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வேலையே இல்லாத எஸ்டேட்டுல உனக்கு எதுக்குடா லீவு?"

தேயிலை மரம்

ஒரு நாள் பந்து கிரவுண்டைத் தாண்டிக் கீழ்த் தேயிலைக் காட்டுக்குள் விழுந்தது. கட்டுப்படியாகவில்லை என்று அங்கே கொழுந்து பறிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எடுக்கப் போனவன் நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து நான் பார்த்த தேயிலை இடுப்பு உயரம்தான். இங்கே என் தலைக்கு மேலே போயிருந்தது. அடிமரம், கிளை, வெள்ளை வெள்ளையாகப் பூ. உள்ளே இருட்டு. தேயிலை இப்படி ஒரு மரம் என்று யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. பந்தை மறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவோடு கொழுந்து பறிக்கிற பாக்கியம் அக்கா அங்கே விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கிள்ள ஆளில்லேன்னா அது பாட்டுக்கு வளருது, உன்னையாட்ட."

வளர்கிற இடம்

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் எலும்பை நானே பார்த்தது அன்றுதான். "இந்தக் கோடு தெரியுதா? இங்கதான் உன் எலும்பு வளருது. தொடைத் தசையோட நாரும் இங்கதான் வந்து பிடிக்குது. எலும்பு வேகமா நீளுது, நாரால ஈடு கொடுக்க முடியல. நீ ஓடறப்ப, குதிக்கறப்ப இந்த இடத்தைப் பிடிச்சு இழுக்குது, அதான் இப்படி மேடு தட்டியிருக்கு" என்றார்.

"இப்ப, இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கறப்பவும் வளருதுங்களா?"

"ஆமா."

குனிந்து முட்டியையே பார்த்தேன். ஐஸ் வைக்கணும், தொடையை நீட்டிப் பழக்கணும், வலி அடங்கும் வரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்றார். வலி எப்போது நிற்கும் என்று கேட்டேன்.

"நீ வளர்ந்து முடிச்சா நின்னுடும். சீக்கிரம் வளர்த்தி முடிக்க எங்கிட்ட மாத்திரை இல்லப்பா."

நிற்காமல் ஓடினேன்

மேட்சில் இறங்கினேன். முதல் பாதி மேல்நோக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டாம் பாதி இறக்கம். நின்றால்தானே வலிக்கும்? அதனால் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். செல்வண்ணன் தள்ளிய பந்தோடு கிளம்பினேன், உதைத்தேன், பந்து உள்ளே போனது, அதன் பின்னாலேயே நானும் போய் வலையில் மாட்டினேன். கூடலூர் கோல்கீப்பர் ஒரு மலையாளத்துச் சேட்டன். வலையிலிருந்து என் காலை அவர்தான் உருவி எடுத்தார்.

"பந்து வந்தா போதுமல்லோடா மோனே, நீ எதுக்கு வர்ற?"

அவர் முட்டி

மேட்ச் முடிந்து ஈரச் சாக்கை முட்டியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மில் கோச் வந்தார். தன் பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினார். அதே இடம், அதே மேடு. விரலை மடக்கி அதன் மேல் தட்டினார், கதவைத் தட்டின மாதிரி சத்தம். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். வாயைப் பிளந்து பார்த்தேன்.

"வலி போயிடுச்சு, மேடு மட்டும் நின்னுடுச்சு. உனக்கு எடம் வெச்சிருக்கேன், பொங்கல் வரைக்கும் பந்தைத் தொடாம இருந்துட்டு வா."

சரிவில் லைன் வீட்டுப் பசங்க உதைக்கிற பந்தெல்லாம் கடைசியில் கீழேதான் உருண்டு வரும், அன்று சாயங்காலம் நான் உட்கார்ந்திருந்ததும் கீழேதான், காலடிக்கு வந்ததை உதைக்காமல் விட முடியவில்லை, அதனால் நான் மில்லில் போய்ச் சேர்ந்தது மறு பொங்கலுக்கு.