மாதா குளத்துத் தண்ணீர்

என் சித்தப்பா பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவர். வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, அப்படி ஒரு பிழைப்பு உண்டு என்பதே அவரால்தான் தெரிந்தது. மில்லில் கிளார்க் என்று பேர், பேனாவைத் தொட்டதில்லை. கூடைப்பந்து டீமுக்காகவே அவரை எடுத்திருந்தார்கள். லீவில் வந்தால் டீக்கடையில் விடமாட்டார்கள்.

"அடியில்லாத கூடையில பந்து போட்றதுக்குச் சம்பளமா? அந்த வேலைய எங்களுக்கும் வாங்கிக் குடேன்பா!"

சித்தப்பா சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் டீ சொல்வார்.

ஒரு மேட்ச்சில் முட்டி திரும்பிவிட்டது. அடுத்த வருசம் மில்காரர்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர், மாதா கோயில் மைதானத்தில் கம்பம் நட்டு, இரும்பு வளையம் மாட்டி, எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அப்போதுதான் வேறொரு கம்பெனி கோச் வேலைக்கு அவரைக் கூப்பிட்டது. ஆனால் கால் போன ஆள் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவார்கள். அவர் ஓடி, எகிறி, பந்து போட்டுக் காட்ட வேண்டும். அது தவறினால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வாரம் முழுக்க அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை.

எனக்குப் பத்து வயது. எதைத் தொடங்கினாலும் கோயில் முன்னால் இருக்கும் மாதா குளத்துத் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். புது வண்டிக்கு, விதைநெல்லுக்கு, பரீட்சைப் பேனாவுக்கு. பங்குச் சாமியார் தெளித்தால் நாலு சொட்டு விழும். இத்தனை பெரிய காரியத்துக்கு நாலு சொட்டு எப்படிப் போதும்? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஒரு கேன் நிறையப் பிடித்து வந்தேன். கம்பெனி ஆட்கள் வந்ததும் எல்லாரும் அவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, வளையத்துக்கு நேர்கீழே, 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லிச் சொல்லி முழுவதும் ஊற்றினேன். மண் குடித்துவிட்டது.

சித்தப்பா ஓடிவந்து எகிறினார். பந்து வளையத்துக்குள் சரியாக இறங்கியது. அவர் இறங்கிய இடத்தில் கால் வழுக்கி, அதே முட்டி மடங்கியது.

வந்தவர்கள் டீயைக்கூட முடிக்கவில்லை. அவர்கள் கார் போகும்வரை சித்தப்பா அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா ஆச்சு?" என்று அப்பா பதறினார்.

"போன முட்டி எங்கண்ணே நிக்கும்?" என்றார் சித்தப்பா. பிறகு என் கையைப் பார்த்தார். "போடி, கேன வூட்ல வெச்சிட்டு வா."

அதன்பின் அவர் பந்தைத் தொடவில்லை. உயரமான ஆள் என்று ஒரு பேக்டரி கேட்டில் வாட்ச்மேனாக நிற்கவைத்தார்கள். சாகும்வரை ஒரு காலில் சாய்ந்தே நின்றார். இன்றும் தினம் செபிக்கிறேன். ஆனால் குளத்தங்கரையில் மட்டும் மாதாவிடம் எதையும் கேட்க வாய் வருவதில்லை.

அவர் விழுந்த அன்று சாயங்காலம், அப்பா கண்ணில் படுவதற்குள், சித்தப்பா காலை நீட்டி உட்கார்ந்து ஷூ அடியில் ஒட்டியிருந்த சேற்றை ஈர்க்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மறுபடி விளையாடத்தான் சுத்தம் பண்ணுகிறார் என்று எனக்குச் சந்தோசம். ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன்.