பீரங்கிக்குப் பக்கத்தில் தற்செயலாக

தற்செயலாகச் சந்திப்பதற்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கோயிலுக்குப் போக வேண்டும். பெண்கள் பட்டு உடுத்தியிருக்க வேண்டும். ஆனால் எதற்கோ உடுத்தி வந்ததுபோல் தெரியக் கூடாது. "நீங்கதானா அவுங்க?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அது பெண் பார்த்தல் ஆகிவிடும்; பிடிக்காமல் போனால் சொந்தபந்தத்துக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். கேட்காத வரைக்கும் அது சாமி கும்பிட வந்தது, அவ்வளவுதான். வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். யாரையும் எதற்கும் பொறுப்பாக்காத இவ்வளவு கச்சிதமான விதியை அரசாணைகளில்கூடப் பார்த்ததில்லை.

என் மகள் முப்பதைத் தாண்டியவள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தவர்கள் பலர். சொஜ்ஜி தின்பார்கள், பஜ்ஜி தின்பார்கள், கை கழுவிவிட்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். அதோடு அந்த வீடுகளில் பேச்சு வார்த்தையே நின்றுவிடும் போலிருக்கிறது, பதில் வந்ததில்லை. கடைசியாக வந்தவர்கள் போன அன்று அவள் காபித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"இனிமே இந்தத் தட்டத் தூக்க மாட்டேன்ப்பா. வேணும்னா வெளில எங்கயாச்சும் வச்சுப் பாக்கட்டும். அதுவும் ஒரே தடவைதான். அதுக்கப்பறம் இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே இருக்கக் கூடாது."

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை. என் மனைவி சாமி அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். நான் அழவில்லை. அந்த ஒரே தடவையைத் திட்டமிடத் தொடங்கினேன்.

தரகர் கொண்டுவந்த பையன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன். ஜாதகம் பொருந்தியது. லீவு கிடைக்காததால் முதலில் பெற்றோர் மட்டும் பார்ப்பதாகப் பேச்சு. மனைவி கோட்டை பைரவர் கோயில் என்றாள். நான் திருமயம் கோட்டையே என்றேன். கோயிலில் பத்து நிமிடம் நிற்பார்கள். அதில் ஒருவரைப் பற்றி என்ன தெரியும்? வெயிலில் பாறை ஏற வைத்தால் முழங்காலும் தெரிந்துவிடும், குணமும் தெரிந்துவிடும். தரகர் அடையாளம் சொன்னார்: ஆலங்குடிப் பக்கம், வெள்ளைக் கார், அந்த அம்மா மாம்பழக் கலரில் பட்டு, பதினோரு மணிக்கு உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில். நான் என் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஃபோனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவன் யாருக்காகவோ காத்திருப்பவன் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஃபோன்கள் எல்லாம் காரில்.

கோட்டைக்குள் நுழைந்ததும் மகளுக்கு வரலாறு சொல்லத் தொடங்கினேன். சேதுபதி கட்டியது, அடியிலே சிவனும் பெருமாளும் ஒரே பாறையில் குடித்தனம், சுவரில் இசைக் கல்வெட்டு என்று.

"அப்பா, நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து நாலு தடவ வந்திருக்கேன்" என்றாள்.

"அவுங்க முன்னாடி இப்படி எடுத்தெறிஞ்சு பேசாத ஆத்தா" என்றாள் மனைவி.

"அவுங்கதான் யாருன்னே தெரியாதுல்ல. நாமதான் சும்மா வந்திருக்கோம்."

பீரங்கிக்குப் பக்கத்தில் குடை விரித்து ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் சேலையைப் பார்த்ததும் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். மாம்பழக் கலர். பட்டா என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கில்லை. அவளுக்கு உண்டு, ஆனால் அன்று பதற்றத்தில் பார்க்கவில்லை.

"வெயில் கொளுத்துதுங்க" என்றேன்.

"ஆமாங்க. வாழ்நா பூரா பஸ்சுல இங்கிட்டுப் போயிக்கிட்டே இருந்துட்டோம், ஒருநா ஏறித்தான் பாப்பமேன்னு சும்மா வந்தோம்" என்றார் அவர்.

"நாங்களும் சும்மாதாங்க."

அந்த 'சும்மா'வை அவர் சொன்ன அழகைப் பார்த்து அசந்துபோனேன். இவ்வளவு இயல்பாக நடிக்கிற சம்பந்தி கிடைப்பது அபூர்வம். ஆலங்குடிப் பக்கம்தான், முந்திரியும் கடலையும் போட்டிருப்பதாகச் சொன்னார். மகன் வெளிநாட்டில் என்றார். எங்கள் மாவட்டத்தில் மகன் வெளிநாட்டில் இருப்பது ஓர் அடையாளமே இல்லை, ஒருவருக்கு இரண்டு காது இருப்பது மாதிரி. எனக்கு அது உறைக்கவில்லை.

புளியோதரைத் தூக்கைத் திறந்தோம். அவர்கள் வறுத்த முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாப்பிட்ட பிறகு, பாதி வழியில் பாறையைக் குடைந்து வைத்திருக்கும் லிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. அதற்கு இரும்பு ஏணி ஏற வேண்டும். என் மகள் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். என் மனைவி அதைக் கண்குளிரப் பார்த்தாள். நானும் அவரும் தனியாக இருந்த நேரத்தில் விஷயத்தை நாசூக்காக எடுத்தேன். டவுனில் எங்களுக்கு ஒரு மனை இருப்பதைச் சொன்னேன்.

"முகப்பு எந்தப் பக்கம்ங்க?"

"கிழக்கு."

"பத்திரம் வில்லங்கம் இல்லாம இருக்கா?"

எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வில்லங்கம் கேட்ட முதல் சம்பந்தி இவர். நெகிழ்ந்துபோய் மூலப் பத்திரத்திலிருந்து பட்டா மாறுதல் வரை விளக்கினேன். "எல்லாம் மக பேருலதாங்க இருக்கு" என்றும் சொன்னேன்.

"அப்ப அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கணும்ல?" என்றார். என்ன பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோருமாகச் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினோம். வாசலுக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"சார், அந்த மனைய வேற யாருக்கும் வாக்குக் குடுத்துறாதீங்க. நான் ஒருதடவ வந்து பாத்துர்றேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. விதியை மீறிக் கேட்டும் விட்டாள்: "அப்ப நீங்க எங்க பொண்ணப் பாக்க வரலையா?"

"ஆத்தாடி!" என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "எம் மகனுக்குக் கல்யாணமாயி ரெண்டு புள்ளைக இருக்குதுங்களே!"

மகள் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்கு ஏணி அடியிலேயே தெரியுமாம். அந்த அம்மா "ஒனக்கு எத்தனை புள்ளைக?" என்று கேட்டாராம்.

"அப்பவே வந்து சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"யாரும் யாரையும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க. அதோட, ரொம்ப நாளைக்கப்பறம் என்னை எடை போடாம ஒருத்தவுங்க பேசிக்கிட்டிருந்தாங்க. அத ஏன் கெடுக்கணும்?"

காருக்கு ஓடி ஃபோனை எடுத்தேன். தரகரின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கூப்பிட்டதும் வெடித்தார்.

"எங்க சார் போனீங்க? அந்தம்மாவுக்கு மூட்டுவலி, ஏற முடியல. காலைலேர்ந்து வாசல்ல வேப்பமரத்தடிலதான் ஒக்காந்திருக்காங்க. நீங்க இன்னொரு மாப்ள வீட்டோட சிரிச்சுக்கிட்டு எறங்கி வர்றதப் பாத்துட்டாங்க. ஒரே நாள்ல ரெண்டு பார்ட்டிய வரச்சொன்னியாய்யான்னு என்னைக் கேக்குறாங்க! கெளம்பிட்டாங்க சார்."

வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அந்த ஒரே தடவை அந்தக் காரோடு போய்க்கொண்டிருந்தது. போய் நிறுத்தலாம்தான். ஆனால் தற்செயலாக வந்தவனுக்கு அடுத்தவர் காரை மறிக்க என்ன அதிகாரம்? நான் அதை யோசித்துக்கொண்டிருக்கையில் மகள் நடந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"நான்தாங்க பொண்ணு" என்றாள்.

கண்ணாடி இறங்கியது. உள்ளே அசல் மாம்பழக் கலர் பட்டு.

"அவுங்க யாரும்மா?" என்றார் அந்த அம்மா. குரலில் மூட்டுவலியும் கோபமும் சரிபாதி.

"எங்க மனைய வாங்க வந்தவங்க. நீங்கன்னு நெனச்சு எங்கப்பா வில்லங்கச் சான்று வரைக்கும் சொல்லிட்டாரு."

அந்த அம்மா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கணவரிடம் காரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஒங்ககிட்ட சோறு மிச்சம் இருக்கா? காலைலேர்ந்து பச்சத்தண்ணிதான்."

இருந்தது. மூன்று குடும்பமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். முந்திரிக்காரர் மிச்சப் பொட்டலத்தைப் பகிர்ந்து கொடுத்தார், எல்லோருக்கும் சொந்தக்காரர் மாதிரி. வழக்கமான கேள்விகள் வருவதற்கு முன்னால் மகளே கேட்டாள்: "ஒங்க பையன் சமைப்பாருங்களா?"

"சுடுதண்ணி வைப்பான்" என்றார் தகப்பனார். "அதையும் சில நேரம் மறந்துருவான்."

"அது பரவால்லைங்க, கத்துக்கலாம். அவரோட நம்பர் குடுங்க. மத்தத நான் அவருகிட்டயே கேட்டுக்கிறேன்."

கொடுத்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா, "எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்று நேராகச் சொன்னார். என் பணிக்காலத்தில் அன்றைக்கே உத்தரவு வந்த மனு எனக்கு நினைவில்லை. மகள் கை கழுவிவிட்டு வந்து கும்பிட்டாள்.

"ரொம்ப சந்தோசங்க. நாங்க வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

வீடு வந்ததும் மனைவி காலித் தூக்கை என் கையில் கொடுத்துக் கழுவச் சொன்னாள்.

முந்திரிக்காரர் அடுத்த வாரமே வந்து மனையைப் பார்த்தார். சொஜ்ஜி, பஜ்ஜி வைத்தோம், பழக்கம். மகள் விற்கவில்லை என்றாள். அவர் கோபப்படவில்லை, இப்போதும் ஆள் மூலம் முந்திரி அனுப்புகிறார். சிங்கப்பூர் விவகாரம் மாலை வேளைகளில் மொட்டை மாடியில் ஃபோனில் நடக்கிறது. மனைவி துணி எடுக்கப் போவதுபோல் படியில் நிற்பாள். ஒரு வார்த்தையும் கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். எங்களிடம் யாரும் கலந்து பேசவில்லை.

அவனுக்கு லீவு கிடைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் இறங்குகிறான். இவள் விமான நிலையத்துக்கே போகிறாளாம்.

"எதுக்கு?" என்றேன்.

"மாப்ள பாக்க" என்றாள். "நீங்களும் வர்றதுன்னா வாங்கப்பா. ஆனா ஃபோனக் கையில வச்சுக்கங்க."

வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.