சுவரோரம் கட்டிய கிடா

என் மகள் பிறந்த மூன்றாம் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. அப்போது நாங்கள் ஜவ்வாது மலைமேல் இருந்தோம். என் கணவருக்கு அங்கிருந்த ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. எனக்குப் பிறந்த ஊர் ஒடுகத்தூருக்குப் பக்கம். மாதா கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஒன்றில் வளர்ந்தவள். கல்யாணமாகித்தான் மலை ஏறினேன்.

மலைமேல் பசும்பால் சுலபத்தில் கிடைக்காது. பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தை கக்கியது. பக்கத்து நிலத்துக்காரர் வீட்டில் ஒரு செவலை ஆடு குட்டி போட்டிருந்தது. அந்த வீட்டு அக்கா ஆட்டையும் குட்டியையும் ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கட்டினாள்.

"நாங்க ஆட்டுப்பால் கறக்க மாட்டோம், அது குட்டிக்கு. உன் கொழந்தையும் குட்டிதானே, கறந்து குடு" என்றாள்.

அந்த ஆடு உருவத்தில் சின்னது. மடி இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் அதன் குட்டிக்குப் போக என் மகளுக்கும் பால் இருந்தது. காய்ச்சி ஆற்றிச் சங்கில் ஊற்றினேன். குழந்தை கக்கவில்லை. மாதம் போகப் போகக் கன்னம் வைத்தது. பிறகு அந்த ஆட்டை நாங்களே வாங்கிக்கொண்டோம். அடுத்தடுத்து அது ஈன்ற பெட்டைக் குட்டிகளும் சேர்ந்து வீட்டில் நாலைந்து ஆடுகள் ஆயின. மிஞ்சிய பாலை விடுதியில் குடியிருந்த வாத்தியார் வீடுகளுக்குக் கொடுத்தேன். பெட்டை ஆட்டுக்கு நாற்றம் கிடையாது. தழையும் புழுக்கையும் கலந்த வாடை கொஞ்சம் இருக்கும், கூட்டிவிட்டால் போய்விடும்.

நாற்றம் கிடாவோடு வந்தது.

மலையாடு கறப்பது போதாது என்று என் கணவருக்குத் தோன்றிவிட்டது. கீழே சந்தைக்குப் போனவர் ஒரு வெளியூர்க் கிடாவோடு திரும்பினார். என் இடுப்புக்கு மேல் உயரம். காது இரண்டும் கழுத்து வரை தொங்கின. அதை நம் ஆடுகளோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் படிப்படியாக அதிகம் கறக்கும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதன் வழியில் வந்த ஒரு பெட்டை பிறகு நன்றாகவே கறந்தது. ஆனால் அந்த மிருகத்தோடு குடித்தனம் செய்தவள் நான்.

பருவம் வந்துவிட்டால் கிடா தன் மூத்திரத்தைத் தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே அடித்துக்கொள்ளும். உதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நிற்கும். அந்த மொச்சை நாற்றம் மூக்கில் ஏறினால் இறங்காது. தண்ணீர்க் குடத்தில் இருக்கும், தலையணையில் இருக்கும், சோற்றில் இருக்கும். கிடாவை எங்கள் சமையல் அறையின் சுவரோரம் கட்டியிருந்தார்.

"அந்தாண்ட புளியமரத்துப் பக்கம் ஒரு கொட்டாய் போட்டுக் கட்டுங்க" என்று பலமுறை கேட்டேன்.

"சிறுத்த வந்து இழுத்துக்கினு போனா யாரு பாக்கறது? செவுத்தோரம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"பால்ல வாடை ஏறுதுங்க."

"நீ கைய கழுவிட்டுக் கற. ஏறாது."

ஏறத்தான் செய்தது. கிடா பெட்டைகளை உரசிக்கொண்டே இருந்தால் மடி வரைக்கும் அந்த வீச்சம் வந்துவிடும். ஒரு வாத்தியார் வீட்டம்மா செம்பைத் திருப்பிக் கொடுத்து, "தப்பா நெனக்காதீங்க, பசங்க குடிக்க மாட்றாங்க" என்றாள். அடுத்தடுத்து எல்லா வீட்டிலும் பால் வாங்குவது நின்றது. என் கை சுத்தமில்லாததால்தான் பால் நின்றது என்று என் கணவர் விடுதிச் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதுக்கே வந்தது.

அந்த வருஷம் வைகாசியில் என் தங்கைக்குக் கீழே கல்யாணம். கிளம்பும் முன் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "செவலைய மட்டும் கிடாகிட்ட விடாதீங்க. அதுக்கு வயசாயிடுச்சி, ஒடம்பும் சின்னது. அம்மாம் பெரிய கிடாவுக்கு உண்டாற குட்டிய அதால தாங்க முடியாது." சரி என்று தலையாட்டினார்.

சீயக்காய் போட்டு இரண்டு முறை தலை முழுகி, பெட்டியிலிருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு மகளோடு இறங்கினேன். மாதா கோயிலில் கல்யாணப் பூசைக்கு முன்னால் தங்கைக்குத் தலையில் பூ வைக்கப் போனேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

"மாப்ள வூட்டு பொம்பளைங்க வர்ற நேரம். நீ சமையல் பக்கம் போய் இரு."

"ஏம்மா?"

"உன்மேல கிடா வாடை அடிக்குது. உனக்குத் தெரில."

எனக்குத் தெரியவில்லைதான். முகர்ந்து முகர்ந்து என் மூக்கு மரத்துப் போயிருந்தது. பட்டுப் புடவையும் அந்தச் சுவருக்கு உள்பக்கம் இருந்த பெட்டியில்தானே இருந்தது. கோயில் மணிச்சத்தம் கேட்டபோது நான் அடுப்புப் புகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது என்று பலர் சொல்வார்கள். நான் குறை சொன்னேன், இன்றும் சொல்வேன்.

மலைக்குத் திரும்பியதும் செவலை ஓடி வந்து என் புடவையை மோந்தது. அதன் முதுகைத் தடவினேன். வெளியே இருந்து வந்த மூக்கு என்பதால் அன்றைக்கு எனக்கும் தெரிந்தது. முதுகெல்லாம் கிடா நாற்றம்.

"விட்டுட்டீங்களா?"

"அது கத்திக்கினே இருந்துச்சி. இன்னா பண்ண சொல்ற? ஒரு ஈத்துதானே."

ஐப்பசி மழையில் அதற்கு வலி எடுத்தது. காலையில் தொடங்கி மத்தியானம் வரை முக்கியும் குட்டி இறங்கவில்லை. அதைக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, என் கையில் விளக்கெண்ணெய் தடவி உள்ளே விட்டேன். ஒரு கால் மடங்கியிருந்தது, தலை பெரிது. காலை நிமிர்த்தி இழுத்தேன். செவலை கத்தவில்லை. என் தோளில் மூஞ்சியை வைத்து மூச்சு விட்டது. வந்த குட்டிக்கு உயிரில்லை. ரத்தம் நிற்கவில்லை.

அவர் குடையோடு வந்து நின்று குட்டியைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"காது பாத்தியா, அப்பன மாதிரியே" என்றார்.

பிறகு செவலையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார். "செத்துட்டா வீணா போயிடும். உயிர் இருக்கறப்பவே அறுத்துடலாம்."

பக்கத்து வீட்டு அக்கா எழுந்து மழையில் நடந்து போய்விட்டாள். பாதிக் கறி விடுதிக்குப் போனது. ஈரலை வீட்டுக்கென்று எடுத்து வைத்து அவரே வறுத்தார். என் மகள் பசியோடு சாப்பிட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது, அடுப்பில் கிடந்தது எது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை.

மழை விட்டதும், அவர் வேலைக்குப் போன ஒரு காலையில் கிடாவை அவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். அது முரண்டு பிடிக்கவில்லை. வழியில் தழை கண்ட இடமெல்லாம் நின்று தின்றது. அதன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒடுகத்தூரில் முதலில் கேட்ட கறிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

"கிடா எங்க?" என்றார்.

"வித்துட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அன்றிலிருந்து விடுதியிலேயே சாப்பிட்டார். வீட்டில் பேச்சுத் திரும்ப அடுத்த மழைக்காலம் ஆனது. மிச்ச ஆடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுச் சில வருஷத்தில் கீழே குடிவந்தோம். சாகும் வரை, பெரிய பண்ணையே வைத்திருப்பேன், இவள்தான் கெடுத்தாள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

மகள் அதை நம்பி வளர்ந்தாள். இப்போதும் வீட்டுக்கு வந்தால், "நீ மட்டும் அவசரப்படாம இருந்திருந்தா அப்பா எங்கியோ போயிருப்பாரும்மா" என்கிறாள். ஒருமுறை, அவளை வளர்த்தது எந்தப் பால் என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆட்டுப்பாலா? இன்னாம்மா நீ" என்று சிரித்தாள்.

காப்பி போட எழுந்து போனேன்.